நீச்சல் வகைகள்: மே விடுமுறைக்கு முன் ஒரு பாடம்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் மாஹிம், மாட்டுங்கா, தாராவி வட்டாரத்தில் நம்மவர் வீடுகளில் ஒரே பேச்சுதான். பரீட்சை என்றைக்கு முடிகிறது, ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா, ஊரில் கோயில் கொடை எந்தச் செவ்வாய்க்கிழமை, பாட்டிக்கு மாஹிம் அல்வா எத்தனை பெட்டி வாங்குவது என்று நாளெல்லாம் திட்டம் நடக்கும். இந்தப் பேச்சுகளுக்கு நடுவே நான் கேட்டே அறியாத கேள்வி ஒன்று உண்டு. "நம் பையனுக்கு நீச்சல் தெரியுமா?" என்பதே அது.

மும்பையில் நாம் கடலோரத்தில் குடியிருக்கிறோம் என்றுதான் பெயர். பிள்ளைகள் தண்ணீரில் இறங்குவதே இல்லை. சௌபாத்தியில் கணுக்கால் நனைப்பதோடு சரி. ஆனால் ஊருக்குப் போனால் எங்கு திரும்பினாலும் தண்ணீர். தோட்டத்துக் கிணறு, வாய்க்கால், குளம், ஆறு. சித்தப்பா மகனும் அத்தை மகனும் கிணற்று மேட்டிலிருந்து தொப்பென்று குதிக்கும்போது, பம்பாயிலிருந்து வந்த பிள்ளை மட்டும் படியில் உட்கார்ந்திருக்குமா? "பம்பாய்க்காரனுக்குப் பயம்" என்று ஒரு கேலி போதும், அதுவும் குதித்துவிடும். விடுமுறைக்கு ஊருக்கு வந்த சிறுவன் நீரில் மூழ்கி இறந்தான் என்ற சிறு செய்தி கோடைக்காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளில் நம் கண்ணில் படாமல் போவதில்லை. ஆகவே நீச்சலை ஒரு விளையாட்டாக மட்டும் பார்க்காமல், ஊர்ப் பயணத்துக்கான ஆயத்தங்களில் ஒன்றாகவும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவன். ஆறு வயதில் காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி என் தாய்மாமன் தண்ணீரில் இறக்கிவிட்டார். நாய் நீச்சலில் ஆரம்பித்து, தலையைத் தூக்கிக்கொண்டு கைமாற்றிப் போடும் நீச்சல், முங்கு நீச்சல், மல்லாந்து மிதப்பது என்று எல்லாம் தானாக வந்தன. மாஹிமுக்கு வந்து பல வருடங்கள் கழித்து, நாற்பது வயதில், சிவாஜி பார்க்கில் உள்ள மாநகராட்சியின் மகாத்மா காந்தி நினைவு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். 50 மீட்டர் நீளமுள்ள குளம். ஒரு முறை அக்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்துத் தடத்தில் பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்று சத்தமில்லாமல் ஆறு சுற்று முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் தெம்பு இருந்தது, அவளிடம் முறை இருந்தது. அந்த முறையைத்தான் 'ஸ்ட்ரோக்' என்கிறார்கள்.

அங்கே கற்றுக்கொடுத்த மராட்டிய மாஸ்டர் முதல் வாரம் முழுவதும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். "ஷ்வாஸ் ஸோட், அண்ணா, ஷ்வாஸ் ஸோட்." மூச்சை விடு என்று பொருள். தண்ணீருக்கு வெளியே மூச்சை இழு, தண்ணீருக்குள் விடு என்பதே நீச்சல் பாடத்தின் அரிச்சுவடி. புதிதாகக் கற்பவர்கள் பயத்தில் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். பிறகு தலையைத் தூக்கிய அந்த ஒரு நொடியில் பழைய காற்றை விட்டுப் புதிய காற்றையும் இழுக்கப் பார்க்கிறார்கள். நேரம் போதாமல் தண்ணீரைக் குடிக்கிறார்கள். குளம் வேண்டாம், வீட்டில் ஒரு அண்டாவில் தண்ணீர் வைத்து, முகத்தை அமிழ்த்தி மூக்காலும் வாயாலும் குமிழி விடப் பழக்குங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குளத்தில் சேர்க்குமுன்பே பாதிப் பயம் போய்விடும்.

இன்னொரு சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் தானாகவே மிதப்பார்கள். ஆனால் காற்று இருப்பது நெஞ்சில், கனம் இருப்பது இடுப்பிலும் தொடையிலும். அதனால்தான் நெஞ்சு மேலே நிற்க, கால்கள் கீழே இறங்குகின்றன. தலையைத் தூக்கத் தூக்கக் கால் இன்னும் தாழும். கால் தாழ்ந்தால் உடம்பு பலகை மாதிரி நேராக இல்லாமல் சரிவாக நின்று தண்ணீரைத் தடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பது கணக்கு. எனவே கைபலத்தைக் கூட்டுவதைவிட உடம்பைப் படுக்கையாக வைப்பதே லாபம். கிணற்று நீச்சல்காரரான எனக்கு 50 மீட்டரில் மூச்சு வாங்கியதன் காரணமும் இதுவே.

இனி வகைகளுக்கு வருவோம். போட்டிகளில் நான்கு வகை நீச்சல் உண்டு.

முதலில் தவளை நீச்சல், ஆங்கிலத்தில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக். நான்கிலும் மிக மெதுவானது இது. ஆனால் நமக்கு மிகவும் உபயோகமானதும் இதுதான் என்பது என் அபிப்பிராயம். இரண்டு கையையும் ஒன்றாக முன்னால் நீட்டி, பக்கவாட்டில் அகட்டி இழுத்து, நெஞ்சுக்குக் கீழே சேர்த்து மறுபடி நீட்ட வேண்டும். காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, உள்ளங்காலால் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இழு, மூச்சு, உதை, வழுக்கு என்று நாலு சொல்லாக மனதுக்குள் சொல்லிக்கொண்டால் தாளம் பிடிபடும். 'வழுக்கு' என்ற இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். உதைத்தபின் கை நீட்டியபடி ஒரு கணம் சும்மா இருந்தால், உதையின் பலன் முழுவதும் கிடைக்கும். போட்டியில் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் தகுதி போய்விடும்.

இந்த நீச்சலில் தலையைத் தூக்கி எதிரே பார்க்க முடியும். கரை எங்கே, படி எங்கே, படகு எங்கே என்று தெரியும். நீண்ட நேரம் களைக்காமல் போகலாம். 1875ம் வருடம் ஆகஸ்ட் மாதம் கேப்டன் மாத்யூ வெப் இங்கிலீஷ் கால்வாயை முதன்முதலாக நீந்திக் கடந்தது தவளை நீச்சலில்தான். 21 மணி 45 நிமிடம் ஆயிற்று. அதே கால்வாயை 1926ல் அமெரிக்கப் பெண் கெர்ட்ரூட் எடர்லி 'கிரால்' நீச்சலில் சுமார் பதினாலரை மணி நேரத்தில் கடந்தார். அந்த நாள்வரை நீந்தியிருந்த ஆண்கள் எல்லோரையும்விட அது விரைவு. நீச்சல் முறை மாறினால் எவ்வளவு மிச்சமாகிறது என்று பாருங்கள்.

அந்தக் கிரால்தான் இரண்டாவது வகை. போட்டிகளில் 'ஃப்ரீஸ்டைல்' என்று அறிவிப்பார்கள். ஃப்ரீஸ்டைல் என்றால் எந்த முறையிலும் நீந்தலாம் என்றுதான் விதி. ஆனால் கிராலைவிட வேகமானது வேறு இல்லாததால் எல்லோரும் அதையே நீந்துகிறார்கள். கைகளை மாற்றி மாற்றித் தண்ணீருக்கு மேலாக வீசுவது, இடுப்பிலிருந்து கால்களை மேலும் கீழுமாக அடிப்பது, முகம் தண்ணீருக்குள், மூச்சு பக்கவாட்டில். நம் கிராமத்துக் கைமாற்று நீச்சலுக்கு இது நெருங்கிய உறவு. வித்தியாசம் தலையில்தான் இருக்கிறது. நாம் தலையைத் தூக்குவோம், அவர்கள் உடம்போடு சேர்த்து உருட்டுவார்கள். வாயில் பாதி தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சு எடுக்கும் வித்தை அது. கைவர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது, குழந்தைகளுக்கு இரண்டு வாரம் போதும்.

இதன் சரித்திரம் சுவையானது. 1844ல் லண்டனுக்கு வந்த அமெரிக்கப் பூர்வகுடியினர் இருவர் கையை மேலே வீசி நீந்திக் காட்டினார்கள். தவளை நீச்சலே நாகரிகம் என்று இருந்த ஆங்கிலேயர்கள் அந்த வேகத்தைப் பார்த்தும் ஏற்றுக்கொள்ளவில்லை. தண்ணீரை இப்படியா இரைப்பது என்று முகம் சுளித்தார்கள்! முப்பது வருடம் கழித்து டிரட்ஜன் என்ற ஆங்கிலேயர் கைவீச்சை மட்டும் கொண்டுவந்தார், பிறகு ஆஸ்திரேலியாவின் கேவில் குடும்பத்தார் காலடியையும் சேர்த்துப் பிரபலப்படுத்தினார்கள்.

எவ்வளவு வேக வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை சீனாவின் பான் ஷான்லே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 46.40 விநாடியில் முடித்தார். அதே 100 மீட்டரைத் தவளை நீச்சலில் பிரிட்டனின் ஆடம் பீட்டி 2019ல் 56.88 விநாடியில் முடித்து உலக சாதனை செய்தார். பத்து விநாடிக்கு மேல் இடைவெளி.

மூன்றாவது, மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக். முகம் எப்போதும் வெளியே இருப்பதால் மூச்சுத் தொல்லை இல்லை. போகும் திசை தெரியாது என்பதே சங்கடம். அதற்காகத்தான் குளத்தில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேலே சிறு கொடிகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கொடியைக் கண்டதும் கைவீச்சை எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொடுவார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் முன்னணி வீரர்கள் முதல் சுற்றில் பாதிக்கும் மேற்பட்ட தூரத்தைத் தண்ணீருக்கு அடியிலேயே கடந்துவிட்டார்கள். அதன் பிறகு கட்டுப்பாடு வந்தது. இன்றைய விதிப்படி 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த ஸ்ரீஹரி நடராஜ் இந்த வகையில்தான் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்.

போட்டியை விடுங்கள். மல்லாந்து அசையாமல் மிதக்கத் தெரிவதுதான் உயிர் காக்கும் வித்தை. கை கால் ஓய்ந்துபோனாலும், தொடை பிடித்துக்கொண்டாலும், ஆள் வரும்வரை மூக்கு வெளியே இருக்கும். காதுகள் தண்ணீருக்குள் போகவேண்டும், வயிறு மேலே வரவேண்டும், பார்வை வானத்தில் இருக்கவேண்டும். அவ்வளவுதான் பாடம். என்னைக் கேட்டால், இது வராத பிள்ளையை ஆழத்துக்கு விடவே கூடாது, எத்தனை வேகமாக நீந்தினாலும் சரி.

நான்காவது, வண்ணத்துப்பூச்சி நீச்சல் என்கிற பட்டர்ஃபிளை. தவளை நீச்சல் விதியில் கையைத் தண்ணீருக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எழுதப்படாமல் இருந்ததைக் கவனித்த சிலர், 1930களில் இரண்டு கைகளையும் மேலே வீசி முன்னேறிவிட்டார்கள். பல வருடச் சச்சரவுக்குப் பிறகு 1952ல் அதைத் தனி வகையாகப் பிரித்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தனிப் போட்டியாக வைத்தார்கள். கைகள் இரண்டும் ஒன்றாக வீச, கால்கள் இரண்டும் ஒட்டியபடி மீன்வால் போல அடிக்க வேண்டும். பார்க்க அழகு, செய்ய அசுர உழைப்பு. இந்தியாவுக்கு இதில் பெயர் உண்டு. கஜான் சிங் 1986 சியோல் ஆசியப் போட்டியில் 200 மீட்டரில் வெள்ளி வாங்கினார். நம் நெய்வேலியில் வளர்ந்த சாஜன் பிரகாஷ் 2021ல் ரோமில் அதே 200 மீட்டரை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். அவருடைய தாயார் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் பணிபுரிந்த ஓட்டப்பந்தய வீராங்கனை. பெரிய நகரம் இருந்தால்தான் வீரன் வருவான் என்பதில்லை.

பெரிய நகரத்திலும் குளம் மூடிவிட்டால் ஒன்றும் நடக்காது. கொரோனா காலத்தில் மும்பைக் குளங்கள் அடைபட்டுக் கிடந்தபோது நடிகர் மாதவனின் குடும்பம் மகன் வேதாந்தின் பயிற்சிக்காக 2021ல் துபாய் போயிற்று. அடுத்த வருடம் டென்மார்க் ஓப்பனில் அவர் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கினார். எல்லோராலும் துபாய் போக முடியுமா? நமக்கு சிவாஜி பார்க் இருக்கிறது. செம்பூர்க்காரர்களுக்கு மாநகராட்சியின் ஜெனரல் அருண்குமார் வைத்யா ஒலிம்பிக் குளம் இருக்கிறது. கோடை வகுப்புகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது உத்தமம். (2023 அக்டோபரில் சிவாஜி பார்க் குளத்தில் ஒரு முதலைக் குட்டி காணப்பட்டது பத்திரிகைகளில் வந்ததே, ஞாபகமிருக்கிறதா? பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைக் காரணம் காட்டி வகுப்புக்குப் போகாமலிருக்க முடியாது என்று எங்கள் கட்டிடத்துப் பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.)

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பையனைச் சேர்க்கும் வீட்டில் பெண்ணைக் கேட்டால், "உடை ஒரு மாதிரி இருக்கும், கறுத்துப் போவாள்" என்கிறார்கள். முழங்கால்வரை, முழங்கைவரை மூடும் நீச்சலுடைகள் கடைகளில் கிடைக்கின்றன. கறுப்பைப் பற்றி நான் என்ன சொல்ல! ஆரத்தி சாஹா 1959ல் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி. மும்பையின் ஜியா ராய், ஆட்டிசம் உள்ள சிறுமி, 2021 பிப்ரவரியில் நம் மாஹிம் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற அந்த பாந்த்ரா–வொர்லி கடல் பாலத்திலிருந்து கேட்வே ஆஃப் இந்தியாவரை 36 கிலோமீட்டரை 8 மணி 40 நிமிடத்தில் நீந்தினாள். மறு வருடம் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும் நீந்திவிட்டாள். நம் வீட்டுப் பெண்ணுக்குக் கிணற்றைக் கடக்கவாவது தெரிய வேண்டாமா?

தலைமன்னார் என்றதும் நம்மவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பாக் நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி, வருடம் 1954. வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971ல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்து, அப்படியே திரும்பியும் நீந்தினார். இரண்டு நாளுக்கும் மேலாகத் தண்ணீரில் இருந்தார். 1984 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயை நீந்தும் முயற்சியிலேயே அவர் உயிர் பிரிந்தது. மிஹிர் சென் 1966ல் ஒரே வருடத்தில் ஐந்து நீர்வழிகளை நீந்தியிருந்தார். அதை மிஞ்சி 1994ல் ஆறு நீரிணைகளை நீந்தியவன் குற்றாலீஸ்வரன், தமிழ்நாட்டுப் பையன், வயது பன்னிரண்டு! நம் சங்கக் கூட்டங்களில்கூட அப்போது அதைப் பற்றியே பேச்சாக இருந்தது.

இவர்களைச் சொல்வதால் கடலில் இறங்கலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இவர்கள் எல்லோருக்கும் பக்கத்தில் படகு இருந்தது. "எனக்கு ஊரிலேயே நீச்சல் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு மாஹிம் கடலில் இறங்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். மித்தி நதி நகரத்துக் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு இங்கேதான் கடலில் சேர்கிறது. கிணற்றில் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடலில் ஏற்றம், இறக்கம், உள்ளிழுப்பு மூன்றும் உண்டு. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். உள்ளிழுக்கும் ஓட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் போய், இழுப்பு விட்டபின் கரைக்குத் திரும்ப வேண்டும். களைத்துவிட்டால் மல்லாந்து மிதந்து கையை ஆட்ட வேண்டும்.

என்ன வரிசையில் கற்பிப்பது என்பதுதான் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது. முதலில் குமிழி விடுதல், அடுத்து மல்லாந்து மிதத்தல். அது வந்தபின் கிராலா, தவளையா என்பது மாஸ்டரின் விருப்பம். பெரும்பாலான குளங்களில் கிராலைத்தான் முதலில் ஆரம்பிப்பார்கள், தடுக்க வேண்டாம். ஆனால் கிரால் வந்தவுடன் "நீச்சல் வந்துவிட்டது" என்று நிறுத்திவிடாமல், தவளை நீச்சலும் வரும்வரை அனுப்புங்கள். வண்ணத்துப்பூச்சி, பிள்ளைக்கு ஆசையிருந்தால் பிறகு. ஏப்ரலில் மூன்று வாரம் ஒழுங்காகப் போனால் 25 மீட்டர் நீந்தவும், இரண்டு நிமிடம் நின்ற இடத்தில் மிதக்கவும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வந்துவிடும்.

அப்படி வந்தபிறகும் ஊர்க் கிணறு வேறு பாடம். குளத்தில் தரை தெரியும், கிணற்றில் தெரியாது. மோட்டார்க் குழாய், பாசி பிடித்த படி, சென்ற வருடத்தைவிட இறங்கிப்போன நீர்மட்டம் எல்லாம் உண்டு. முதல் நாள் தலைகீழாகப் பாய விடாதீர்கள். படி வழியாக இறங்கட்டும். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் மேட்டில் இருக்கவேண்டும், அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. மூழ்குகிறவன் சினிமாவில் வருவதுபோல் கூச்சல் போட மாட்டான். வாய் தண்ணீருக்கு அடியில் போய்வந்துகொண்டிருக்கும்போது குரல் எங்கிருந்து வரும்? சத்தமில்லாமல், ஏணியில் ஏறுவதுபோல் கையை அசைத்துக்கொண்டு இருப்பான். அவனைக் காப்பாற்ற உடனே குதித்தால் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் போய்விடுவார்கள். கயிறோ, கம்போ, அவிழ்த்த வேட்டியின் ஒரு முனையோ வீச வேண்டும். ஒரு லாரி டியூபில் காற்றடித்து, இருபது முழக் கயிறு கட்டிக் கிணற்றடியில் போட்டு வைக்கும்படி ஊரிலிருக்கும் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ இப்போதே போன் செய்து சொல்லிவிடுங்கள். நாம் போய் இறங்கிய பிறகு தேடினால் டியூப் இருக்கும், கயிறு இருக்காது.